வாளுக்கு எது ஊர்? ஆரணியை முன்வைத்துப் பழைய ஆயுதங்களின் அடையாளச் சிக்கல்

1. கேள்வி

லண்டன், நியூயார்க் ஏலப் பட்டியல்களில் தென்னிந்தியக் கட்டாரி ஒன்று வந்தால் அதன் கீழே பெரும்பாலும் ‘தஞ்சாவூர், 17ஆம் நூற்றாண்டு’ என்றிருக்கும். சற்றுப் பிந்திய வாளாக இருந்து புலிவரியும் தென்பட்டால் ‘ஸ்ரீரங்கப்பட்டணம்’. மற்றவை ‘தக்காணம்’, ‘தென்னிந்தியா’ என்ற பொதுப்பெயர்களுக்குள் அடங்கிவிடும். ஆரணி என்று எழுதிய சீட்டு ஒன்றும் இதுவரை என் கண்ணில் பட்டதில்லை. செஞ்சி, வேலூர் என்று எழுதியவையும் அரிது. இவ்வளவுக்கும் 18ஆம் நூற்றாண்டில் தமிழ்நாட்டின் வட பகுதியில் ஆயுதம் புழங்கிய அளவுக்கு வேறெங்கும் புழங்கியிருக்குமா என்பது சந்தேகம்தான். பட்டுப் புடவைக்காக மட்டுமே இன்று பேர் சொல்லப்படும் ஆரணியும் அந்தப் பகுதியின் நடுவில்தான் இருக்கிறது.

பழைய வாள் ஒன்றுக்கு ஊர் குறிக்கிறோமே, அதற்கு நம்மிடம் இருக்கும் சான்று என்ன? அது வாளிலிருந்து கிடைக்கிறதா, வாளைச் சேர்த்து வைத்தவர்களின் வரலாற்றிலிருந்து கிடைக்கிறதா? இந்தக் கட்டுரை ஆராய்வது இதைத்தான். ‘தஞ்சாவூர்’ என்ற அடையாளத்தில் பெரும்பங்கு இரண்டாவதிலிருந்து வருவது என்பது என் வாதம்.

2. ஆரணியில் இருந்திருக்க வேண்டியவை

17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், பீஜப்பூர்ப் படையோடு தெற்கே வந்த சிவாஜியின் தந்தை சாஹாஜியின் காலத்தில், ஆரணி ஒரு மராட்டிய பிராமணக் குடும்பத்துக்கு ஜாகீராகக் கிடைத்தது. சிவாஜி 1677இல் செஞ்சியைப் பிடித்தார். 1690 முதல் 1698 வரை முகலாயப் படை அதே செஞ்சியைச் சுற்றிவளைத்து உட்கார்ந்திருந்தது. 1714இல் ராஜா தேசிங்கு ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி மாண்டார். ஆற்காட்டு முற்றுகை முடிந்த கையோடு ராபர்ட் கிளைவ் ரசா சாகிபையும் பிரெஞ்சுக்காரரையும் 1751 டிசம்பர் 3 அன்று ஆரணிக்கு அருகில் தோற்கடித்தபோது அவர் பக்கம் முராரி ராவின் மராட்டியக் குதிரைப்படையும் நின்றது. இரண்டாம் மைசூர்ப் போரில் ஹைதர் அலி தம் படைக்கான பெருங்கிடங்கை ஆரணிக் கோட்டையில்தான் வைத்திருந்தார். அதைக் குறிவைத்து வந்த கிழக்கிந்தியக் கும்பினியின் தளபதி அயர் கூட்டின் படையோடு 1782 ஜூன் 2 அன்று இங்கே போர் நடந்தது. கோட்டை கூட்டுக்குக் கிடைக்கவில்லை.

ஆக, நூற்றைம்பது ஆண்டுகளுக்குள் பீஜப்பூர், மராட்டிய, முகலாய, நவாபு, பிரெஞ்சு, கும்பினி, மைசூர் என்று ஏழு வகைப் படைகளின் ஆயுதங்கள் இந்த மண்ணைக் கடந்திருக்கின்றன. இங்கே ஒரு வீட்டுப் பரணிலிருந்து வாள் ஒன்று இறங்கினால் அது இந்த ஏழில் எதனுடையதாகவும் இருக்கலாம். எதனுடையதும் அல்லாத உள்ளூர்ப் பாளையக்காரரின் காவல்கார வாளாகவும் இருக்கலாம்.

பின்னர் அவை எங்கே போயின? 1801இல் இரண்டு காரியங்கள் நடந்தன. ஜூலையில் கர்நாடக ஒப்பந்தத்தின்படி நவாபின் நாடு கும்பினியின் கைக்குப் போனது. டிசம்பர் 1 அன்று ஆளுநர் எட்வர்ட் கிளைவ் தெற்கத்திச் சீமைப் பாளையங்களில் ஆயுதம் தரிப்பதைத் தடைசெய்து பிரகடனம் வெளியிட்டார். 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் அந்தக் கொள்கையை நாடு முழுவதற்கும் பொதுவாக்கியது. ஒப்படைத்தவை உருக்கப்பட்டன. ஒளித்தவை துருவேறின. சில அரிவாளாகவும் கொழுவாகவும் மறுபிறப்பு எடுத்தன. நல்ல இரும்பைக் கொல்லர் வீணாக்க மாட்டார். 1948ஆம் ஆண்டின் எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துக்குப் பின் ஜமீன், ஜாகீர் அரண்மனைகளின் சாமான்கள் கைமாறிய வழிகளை எழுதி வைத்தவர் மிகக் குறைவு.

நெசவாளரான கைக்கோளரின் கதை வேறு. சோழர் கல்வெட்டுகள் ‘தெரிஞ்ச கைக்கோளர்’ என்ற படைப்பிரிவுகளைக் குறிப்பிடுகின்றன. ஒட்டக்கூத்தர் ‘ஈட்டி எழுபது’ பாடியது செங்குந்தர் என்றும் அழைக்கப்படும் இவர்களின் பெருமையைச் சொல்ல. அந்தப் படையினரையும் இன்றைய தறிக்காரரையும் ஒரே கோட்டில் இணைக்கலாமா என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. மாட்டிசன் மைன்ஸ் 1984இல் கைக்கோளரைப் பற்றி எழுதிய நூலுக்கு ‘வீர வணிகர்’ என்ற பொருள்படத் தலைப்பு வைத்தார். விஜயா ராமசாமி 1985இல் வெளியிட்ட இடைக்கால நெசவாளர் பற்றிய நூல் கல்வெட்டுச் சான்றுகளை விரிவாகத் தொகுத்தது. சூரசம்ஹாரத்தில் நவவீரர் வேடம் தரிக்கும் உரிமை இன்றும் பல ஊர்களில் செங்குந்தருக்கு இருக்கிறது. ஆயுத நினைவு இவ்வளவு அழுத்தமாக இருந்தும், சோழர் காலத்துக் கைக்கோளர் ஈட்டி இதுதான் என்று ஒரு பொருளைச் சான்றோடு காட்ட முடியாது. குலக்கதையை ஆயுதச் சான்றாக எடுத்துக்கொள்ளும் சேகரிப்பாளர் இந்த இடைவெளியை மறந்துவிடக் கூடாது.

3. ‘தஞ்சாவூர்’ என்னும் சீட்டு

1855இல் தஞ்சை மன்னர் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசின்றி இறந்ததும் தஞ்சை அரசைக் கும்பினி எடுத்துக்கொண்டது. நாயக்கர் காலம் தொட்டுச் சேர்ந்திருந்த அரண்மனை ஆயுதசாலை 1860களில் கலைக்கப்பட்டது. தேர்ந்தெடுத்தவை சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போயின. எஞ்சியவற்றில் பெரும்பகுதியை உடைத்துப் பழைய இரும்பாக விற்றார்கள். தப்பியவை வெளிநாட்டுச் சேகரிப்புகளைச் சென்றடைந்தன. 1880இல் வில்பிரகாம் எகெர்ட்டன் இந்திய ஆயுதங்களுக்கு வட்டாரவாரியாகக் கையேடு எழுதினார். 1934இல் ஜார்ஜ் கேமரன் ஸ்டோனின் ஆயுத அகராதி வந்தது. ராசன் 1968இல் இந்திய வாளைப் பற்றித் தனி நூல் எழுதினார். 2004இல் ராபர்ட் எல்குட் இந்து ஆயுதங்களையும் சடங்குகளையும் பற்றிய நூலில் தஞ்சைத் தொகுதியை மையமாக வைத்து விரிவான வகைப்பாட்டைக் கொடுத்தார். தென்னிந்திய ஆயுதங்களைப் பொறுப்போடு பேச முடிவதே எல்குட்டால்தான் என்று சொன்னாலும் மிகையில்லை.

ஆனாலும் இதில் ஒரு வட்டம் இருக்கிறது. தஞ்சையில் சேர்ந்திருந்த ஆயுதங்களை வைத்துத் தஞ்சை பாணி வரையறுக்கப்பட்டது. பிறகு அந்தப் பாணியில் எங்கே ஒரு கட்டாரி கிடைத்தாலும் அதற்குத் ‘தஞ்சாவூர்’ என்று பெயர் விழுந்தது. ஓர் அரசின் ஆயுதசாலையில் இருப்பவை அனைத்தும் அந்த ஊர்க் கொல்லர் அடித்தவையாக இருக்கத் தேவையில்லை. காணிக்கை, கொள்ளை, பரிசு, கொள்முதல் என்று வந்து சேரும் வழிகள் பல. எறிந்து தாக்கும் வளைதடியான வளரி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சென்னை அருங்காட்சியகத்தில் தஞ்சை ஆயுதசாலையிலிருந்து வந்த தந்த வளரிகள் இரண்டும் மர வளரி ஒன்றும் இருப்பதை எட்கர் தர்ஸ்டன் 1909இல் குறித்திருக்கிறார். வளரியோ புதுக்கோட்டை, சிவகங்கை, மதுரைப் பக்கத்துக் கள்ளர், மறவரின் ஆயுதம். தந்தத்தில் செய்தது அரண்மனைக்கு வந்த அழகுப் பொருளாக இருக்கலாம். அதைத் ‘தஞ்சை வளரி’ என்றால் எந்தப் பொருளில் சொல்கிறோம்?

இதற்கு நேர்மாறான நிலையைப் பிகானீரில் காணலாம். ஔரங்கசீப்பின் படைத்தலைவராக இருந்த பிகானீர் மன்னர் அனூப் சிங் 1689இல் ஆதோனிக் கோட்டை விழுந்தபோது அங்கிருந்த ஆயுதங்களைத் தம் ஊருக்கு எடுத்துச் சென்றார். பல பொருள்களின் மேல் சிறு புள்ளிகளாகக் கொத்திய நாகரி எழுத்தில் ஆதோனியின் பெயரும் சம்வத் ஆண்டும் இருக்கின்றன. கொள்ளையடித்தவர் கணக்குப் பொறித்து வைத்ததால்தான் ராஜஸ்தானப் பாலைவனத்தில் கிடக்கும் ஓர் ஆயுதம் துங்கபத்திரைக்குத் தெற்கேயிருந்து வந்தது என்று இன்று சொல்ல முடிகிறது. அந்தப் புள்ளி எழுத்து இல்லாதிருந்தால் அதே கட்டாரி ‘ராஜபுத்திர’ என்ற பெயரோடு கண்ணாடிப் பேழைக்குள் போயிருக்கும். ஆரணிக் கிடங்கை விட்டுப்போன பொருள்களுக்கு அப்படியொரு கணக்குப்பிள்ளை வாய்க்கவில்லை.

4. பிடி ஒரு தேசம், அலகு ஒரு தேசம்

தஞ்சை வகை என்று சொல்லப்படும் கட்டாரி ஒன்றைக் கையில் எடுத்துப் பார்ப்போம். முன்புறம் விரல்களை மூடும் வளைந்த இரும்புக் கவசத் தகடு. அதில் இலைக்கொடியும் யாளியும் துளையிட்டு வெட்டப்பட்டிருக்கும். இருபுறமும் மணிக்கட்டை ஒட்டி நீளும் இரண்டு சட்டங்கள். அவற்றின் நடுவே குறுக்காக இரண்டு பிடிக்கம்பிகள், நடுவில் குமிழ் தட்டியவை. அலகு இந்தப் பிடியோடு சேர்த்து அடிக்கப்பட்டதல்ல. பிடியின் முன்பகுதியில் நீளும் இரண்டு இரும்புத் தகடுகளுக்கு நடுவே அலகைச் செருகி ஆணி அடித்துத் தறைந்திருப்பார்கள்.

அந்த இணைப்பில்தான் கண் வைக்க வேண்டும். அலகின் நீளவாக்கில் ஓடும் பள்ளங்கள் கட்டாரிக்கென்றே அடிக்கப்பட்ட அலகில் ஓர் ஒழுங்கோடு தொடங்கும், ஓர் ஒழுங்கோடு முடியும். பல கட்டாரிகளில் பள்ளம் ஆணித் தகட்டின் கீழே பாதியில் அறுபட்டுப் போகிறது. அப்படியென்றால் அது வேறொரு நீண்ட வாளின் துண்டு. அந்த வாள் பெரும்பாலும் ஐரோப்பாவிலிருந்து வந்தது: ஜெர்மனியின் சோலிங்கன், வட இத்தாலி, ஸ்பெயின். ஒடிந்த ஐரோப்பிய வாளையும் இங்கே யாரும் தூக்கி எறியவில்லை. (இந்தப் பள்ளத்தை ரத்தம் வழிந்தோட வைத்தது என்று சொல்லும் வழக்கம் உலகம் முழுக்க இருக்கிறது. அலகின் எடையைக் குறைத்து வளையாமல் காப்பது மட்டுமே அதன் வேலை.)

காஞ்சிப் பட்டில் பெட்னி போட்டு முந்தியின் பாவை உடலின் பாவோடு இழை இழையாக இணைப்பதை ஆரணிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அந்த இணைப்பு தெரிந்த கண்ணுக்குத்தான் இந்தக் கட்டாரியின் ஆணித் தகடும் பிடிபடும்.

ஐரோப்பிய முத்திரையே ஐரோப்பிய அலகுக்குச் சான்றாகிவிடுமா? ஆகாது. ‘ஆந்திரியா ஃபெராரா’ என்ற பெயரை ஐரோப்பாவிலேயே பல பட்டறைகள் குத்தின. பல் வைத்த பிறை போன்ற இரட்டைக் குறி ஜெனோவாவில் தொடங்கியது என்பார்கள். அதையும் ஸ்டைரியா, சோலிங்கன், காகசஸ், ஆப்கானிஸ்தான், இந்தியா எல்லாம் நகலெடுத்தன. நம் ஊர்க் கொல்லர் குத்திய முத்திரையில் எழுத்து தலைகீழாகவோ உருக்குலைந்தோ இருப்பதுண்டு. அதைப் போலி என்று ஒதுக்கிவிடுவது அவசரம். 17ஆம் நூற்றாண்டில் ‘பரங்கி வாள்’ என்ற மதிப்புக்காகக் குத்திய முத்திரை, அந்த நூற்றாண்டின் சந்தையைக் காட்டும் நல்ல ஆவணம். இலங்கையின் சிங்க முகப் பிடி வைத்த கஸ்தானை வாளிலும் இதே கலப்பு உண்டு. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் முத்திரை உள்ள அலகுகள் அதில் கிடைக்கின்றன.

ஜப்பானிய வாளோடு ஒப்பிட்டால் நம் சிக்கல் இன்னும் தெளிவாகும். அங்கே பிடிக்குள் இறங்கும் அலகின் வாலில் கொல்லர் தம் பெயரையும் ஊரையும் சில சமயம் ஆண்டையும் வெட்டுவார். ஒரு மர ஆணியைத் தட்டினால் பிடி கழன்று வரும். அந்த வாலில் ஏறிய துருவை யாரும் துடைப்பதில்லை. துருவின் நிறமே வயதைச் சொல்லும். இந்திய வாளின் வால் குட்டை. அதைப் பிடிக்குள் அரக்கு ஊற்றிச் சூடாக இறக்கிவிடுவார்கள். பிடியைச் சூடுபடுத்தாமல் அலகு வெளியே வராது. வந்தாலும் அங்கே பெயர் இருப்பது அபூர்வம். கொல்லரின் ஊரை அறிய வழியே இல்லாதபடி செய்தது தொழில்நுட்பமா, கொல்லர் கையெழுத்திடும் நிலையில் இல்லாத சமூக அமைப்பா? இரண்டும் சேர்ந்துதான் என்று எண்ணுகிறேன்.

5. கல்லில் இருப்பது

அலகும் பிடியும் ஊரைச் சொல்லாதபோது சிற்பம் ஓரளவு கைகொடுக்கிறது. ஆரணி இருக்கும் திருவண்ணாமலை மாவட்டத்திலேயே செங்கம் வட்டாரத்து நடுகற்கள் இருக்கின்றன. இரா. நாகசாமி முன்னின்று தமிழ்நாடு தொல்லியல் துறை வெளியிட்ட ‘செங்கம் நடுகற்கள்’ 1972இல் வந்தது. அந்தக் கற்களில் வீரன் பெரும்பாலும் ஒரு கையில் வில், மறுகையில் குறுவாளோடு நிற்கிறான். உடலில் தைத்த அம்புகளையும் காணலாம். ஆநிரைப் பூசலில் இறந்தவன் என்று கல்வெட்டு சொல்லும். அரசன் பெயரும் ஆட்சியாண்டும் இருப்பதால் கல்லின் காலம் உறுதி. அந்த வாள்கள் குட்டை. விரலைக் காக்கும் வளைவு பிடியில் கிடையாது.

பல நூற்றாண்டுகள் தாண்டி வந்து ஸ்ரீரங்கத்துச் சேஷராயர் மண்டபத்தில் நின்றால் பாயும் குதிரைகளின் கீழே காலாட்கள் புலியைக் குத்துகிறார்கள். மதுரைப் புது மண்டபத்து நாயக்க மன்னர் சிலைகளின் இடுப்பில் கட்டாரி செருகியிருக்கிறது. ராமநாதபுரம் ராமலிங்க விலாசத்து 18ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்களில் சேதுபதியும் தஞ்சை மராட்டியரும் மோதும் காட்சியில் இரு பக்கத்து ஆயுதங்களையும் பார்க்கலாம்.

எச்சரிக்கையும் தேவை. சிற்பி ஆயுதத்தைப் பார்த்துச் செதுக்கினாரா, தம் ஆசான் செதுக்கிய கல்லைப் பார்த்துச் செதுக்கினாரா என்று பிரித்தறிவது கடினம். தெய்வத்தின் கையில் இருக்கும் வாள் சிற்ப மரபின்படி நிற்பது. அது சமகால வாளைவிடப் பல நூற்றாண்டு பழைய வடிவத்தைத் தாங்கி நிற்கும். துவாரபாலகரைவிடத் தூணடிக் காலாளே ஆயுத ஆய்வாளருக்கு நம்பகமான சாட்சி என்பது என் எண்ணம். அவனைச் செதுக்கும்போது சிற்பிக்கு விதி குறைவு.

6. உருக்கின் சான்று

இங்கே ஒரு முரண் தலைகாட்டுகிறது. உலகம் டமாஸ்கஸ் வாள் என்று கொண்டாடிய அலைவரி வாளுக்கான மூசை (மண்குடுவை) உருக்கு தென்னிந்தியாவிலிருந்து போனது. பிரான்சிஸ் புக்கானன் 1807இல் வெளியிட்ட பயண நூலில் மைசூர்ப் பகுதியில் மூசையில் உருக்கு எடுக்கும் முறையை விவரித்திருக்கிறார். தெலங்கானாவின் கோனசமுத்திரம் பாரசீக வணிகர் தேடி வந்த இடம். ஆரணிக்குத் தெற்கே, பழைய தென்னாற்காடு மாவட்டத்து மேல்சிறுவலூரில் உடைந்த மூசைகளைக் கண்டெடுத்து அதுவும் ஓர் உருக்கு உற்பத்தி இடம் என்று சாரதா ஸ்ரீனிவாசன் 1994இல் எழுதினார். இவ்வளவு அருகில் உருக்கு இருந்தும் அரச ஆயுதசாலைக் கட்டாரிகளில் பல, பரங்கி அலகைச் சுமக்கின்றன. உள்ளூர் உருக்கு கட்டியாகக் கப்பலேறிப் போக, வெளியூர் அலகு கப்பலேறி வந்தது.

அலைவரி ஒன்றே ஓர் அலகை அடையாளம் காட்டிவிடாது. வெர்ஹோவன், பெண்ட்ரே குழு 1998இல் வெளியிட்ட ஆய்வு, தாதுவில் மிகச் சிறிதளவு கலந்திருந்த வனேடியம் போன்ற தனிமங்களே வரி தோன்றக் காரணம் என்று காட்டியது. இன்றைய சந்தையில் சாதாரண எஃகின் மேல் அமிலத்தால் வரி எழுதி விற்கிறார்கள். அசல் வரி அலகின் உடலுக்குள் இருப்பது. மேலே தேய்ந்தாலும் மென்மையான அமிலம் பட்டதும் மீண்டும் எழும். எழுதிய வரி தேய்ந்தால் போனதுதான். பொன்வேலையிலும் இப்படிச் சோதிக்கலாம். பழைய முறையில் இரும்பின் மேல் குறுக்கும் நெடுக்குமாக நுண்கீறல் போட்டு அதில் பொன் கம்பியை அடித்துப் பதிப்பார்கள். பொன் உதிர்ந்த இடத்தில் கீறல் தெரியும். வெறும் முலாம் உதிர்ந்தால் வழவழப்பான இரும்புதான் தெரியும்.

போலியைவிடப் பெரிய சேதத்தை நம் வீடுகளில் உப்புத்தாள் செய்கிறது. ஆயுத பூசைக்கு முந்தின நாள் பரணிலிருந்து இறக்கிய வாளைப் பளபளக்கத் தேய்த்துச் சந்தனம் குங்குமம் வைக்கும்போது முத்திரையும் வரியும் சேர்ந்தே போய்விடுகின்றன. பக்தியைக் குறை சொல்லவில்லை. மெல்லிய எண்ணெயும் பருத்தித் துணியும் போதும்.

7. பெயர் பெற்ற ஒரு கொல்லர்

19ஆம் நூற்றாண்டில் சேலத்தில் அருணாசலம் என்ற கொல்லரின் பட்டறை இருந்தது. பன்றி வேட்டை ஈட்டிகள், வேட்டைக் கத்திகள் ஆகியவற்றுக்காக வெள்ளை அதிகாரிகளிடையே அவர் பெயர் பரவியிருந்தது. அலகின் மேல் ஆங்கில எழுத்தில் அவர் பெயரும் சேலமும் குத்தியிருக்கும். இன்றைய சேகரிப்பாளர் உலகில் ‘ஆர்னசெல்லம்’ என்ற உச்சரிப்பில் அவரைத் தெரியாதவர் குறைவு. தமிழ்நாட்டு அலகு ஒன்றைக் கையில் எடுத்ததும், செய்தவர் பெயரையும் ஊரையும் தயக்கமின்றிச் சொல்ல முடிகிற மிகச் சில இடங்களில் இது ஒன்று.

அந்தப் பெயர் எப்போது வந்தது என்று பார்க்க வேண்டும். நாட்டார் கையில் இருந்த ஆயுதங்கள் பறிபோன பிறகு, ஆயுதம் ஆள்வோரின் பொழுதுபோக்குச் சாமானாக மாறிய பிறகு வந்தது. ஷெஃபீல்டு கத்தியில் பெயர் பார்த்துப் பழகிய வாடிக்கையாளர் சேலத்துக் கத்தியிலும் பெயர் தேடினார். கொல்லரும் குத்தினார். அதற்கு முன் படைகளுக்கும் கோயில்களுக்கும் அடித்த தலைமுறைகளின் பெயர் எதுவும் மிஞ்சவில்லை. திருப்பாச்சேத்தி அரிவாளுக்குக்கூட ஊர்ப்பேர்தான்.

8. சேகரிப்பவர் முன்னால் இருப்பவை

1972ஆம் ஆண்டு தொல்பொருள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டம் 1976இல் நடைமுறைக்கு வந்தது. நூறு ஆண்டு கடந்த வாள் தொல்பொருள். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது, உரிமம் இல்லாமல் வியாபாரம் செய்யவும் முடியாது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழான விதிகள் 9 அங்குலத்தைவிட நீண்ட அல்லது 2 அங்குலத்தைவிட அகன்ற அலகுகளைத் தனி வகையாக வைக்கின்றன. வீட்டு, விவசாய வேலைக்கானவற்றுக்கு விலக்கு உண்டு. எந்தப் பகுதியில் உரிமம் தேவை என்பது அரசு அறிவிக்கையைப் பொறுத்தது. வாங்கும் முன் உள்ளூர் நிலவரத்தைக் கேட்டறிவது நல்லது.

சட்டத்தைவிட விலைதான் அடையாளத்தைக் கெடுக்கிறது. 2023 மே மாதம் லண்டன் போன்ஹாம்ஸ் ஏலத்தில் திப்புவின் படுக்கையறை வாள் 1 கோடியே 40 லட்சம் பவுண்டுக்கு மேல் போனது. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது தளபதி டேவிட் பெயர்டுக்குக் கொடுக்கப்பட்டது அது. கை மாறிய வரலாறு தெளிவாக இருந்ததும் அந்த விலைக்கு ஒரு காரணம். அதற்கப்புறம் மைசூர்ப் பக்கத்து வாள் ஒவ்வொன்றும் திப்புவின் வாளாக ஆசைப்படும். இன்னொரு பக்கம் நம் அரசியல் மேடைகளில் தலைவர்களுக்கு வழங்கும் ‘வீரவாள்’கள் குவிகின்றன. இருநூறு ஆண்டு கழித்து ஓர் ஆய்வாளர் அவற்றை வைத்து 21ஆம் நூற்றாண்டுத் தமிழர் வெள்ளி வாளால் போரிட்டார்கள் என்று எழுதாமல் இருக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் கருதினால் ஆயுதத்துக்கு எழுதும் சீட்டை ஒரே வரியில் முடிப்பது தவறு. பிடியின் வகை, அலகின் வகை, இரண்டும் இணைந்த காலம், கடைசியாக இருந்த இடம் என்று நான்கையும் தனித்தனியே எழுத வேண்டும். ‘தஞ்சாவூர்’ என்பது இந்த நான்கில் எதைக் குறிக்கிறது என்று சொல்லாத சீட்டை நம்ப முடியாது. ஆரணி, ஆற்காடு, செஞ்சி வட்டாரத்தில் வீடுகளிலும் குலதெய்வக் கோயில்களிலும் இருக்கும் வாள்களை விலைபேசாமல், அவை இருக்கும் இடத்திலேயே வைத்துப் பதிவு செய்யலாம். அலகின் நீளம், அடியிலும் நடுவிலும் அகலம், முதுகின் தடிப்பு, பள்ளங்களின் எண்ணிக்கை, ஆணிகளின் இடம், முத்திரையின் நேர்ப்படம், எந்தக் கோயிலில் எந்தத் திருவிழாவுக்கு வெளியே வருகிறது என்ற குறிப்பு: இவ்வளவுக்கு ஓர் அளவுநாடாவும் கைப்பேசிக் கேமராவும் போதும். உரிமையாளர் பெயரை வெளியிடத் தேவையில்லை, ஊர் பெயரை மட்டும் விடக் கூடாது. ஒரு வட்டாரத்தில் நாற்பது ஐம்பது வாள்கள் இப்படிப் பதிவானால், அந்தப் பிடிகளில் திரும்பத் திரும்ப வரும் வளைவையும் துளைவேலையையும் எழும்பூர்த் தொகுதியோடு வைத்துப் பார்க்கலாம். தஞ்சைக் கட்டாரிகளில் எத்தனை வடக்கேயிருந்து போனவை என்ற கேள்வியை அப்போதுதான் கேட்கவே முடியும்.